ஆண்டு எழுதாத முட்டி

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து மேற்கே செல்லும் வீதி, அல்லைப்பிட்டி மணற்றிட்டுகளையும் மண்கும்பானையும் விட்டு வேலணைக்குட் புகும்போது இருமருங்கும் பனங்கூடல்கள் நெருங்கி வருகின்றன. ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரையிட்டு லைடன் என அழைத்தனர். நயினாதீவு ஹார்லம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவின் ஆங்கிலப் பெயரில் மட்டும் அந்த நினைவு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரிட்டவர்கள் போனபின்பும் பனை நின்றது. அது எவருடைய பெயரையும் கேட்டு வளர்ந்ததன்று.

2024ஆம் ஆண்டு, தை கழிந்து மாசி பிறந்த வாரத்தில், ஊர்காவற்றுறைக்கு அணித்தான சிற்றூர் ஒன்றின் தலைவாசலிலே, ஓலைப்பாயின்மேல் ஒரு போத்தல் வைக்கப்பட்டிருந்தது. கறுத்த கண்ணாடி, சரிந்த தோள், வெள்ளை லேபல். அதன் எதிரே எழுபத்து நான்கு வயதுச் சீவற்றொழிலாளர் ஒருவர் சப்பணமிட்டு அமர்ந்திருந்தார். போத்தலைக் கொண்டுவந்தவர் அவருடைய மகன். பாரிஸ் நகரத்து உணவகம் ஒன்றின் அடுப்படியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்பவர். மகளுக்குக் கிடைத்த பாடசாலை விடுமுறையில் அவளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார்.

பெரியவருக்கு ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. ஆனால் இலக்கம் தெரியும்.

"உதென்ன மோனை, போத்திலிலை இரண்டாயிரத்து இருபத்தொண்டு எண்டு போட்டுக்கிடக்கு? விலையோ?"

"விலையில்லை ஐயா, வருசம். அந்த வருசம் புடுங்கின பழத்திலை செய்தது."

"அப்ப மூண்டு வருசமாய்க் காடியாகாமல் இருக்கோ?"

இந்தக் கேள்வியில் வியப்பு மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அறுபது ஆண்டுகளாகக் காலையில் இறக்கியதை அந்திக்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய ஒருவனுடைய பெருமூச்சும் அதில் இருந்தது.

போத்தலில் இருந்தது பேர்கண்டி நாட்டுச் சிவப்பு வைன். பினோ நுவார் என்னும் மெல்லிய தோலுடைய கொடிமுந்திரிகையிலிருந்து அது பெறப்படுவது. வெப்பம் மிகுந்த நாட்டில் அப்பழம் விரைந்து பழுத்துச் சுவை கெட்டுவிடும். குளிர்நாட்டின் நீண்ட, தயங்கிய கோடையில், சித்திரையில் அரும்பவிட்டுப் புரட்டாதிவரை காத்திருந்தாற்றான் அதன் மணமும் புளிப்பும் ஒருங்கே அமையும். அந்தத் தயக்கமே அதன் சிறப்பு. அதுவே அதன் ஆபத்துமாகும். அரும்பு முந்திவிட்டாற் பனி கருக்கிவிடும். 2021ஆம் ஆண்டு ஏப்பிரில் மாத முதல் வாரங்களில் அவ்வாறே நிகழ்ந்தது. பிரான்சின் தோட்டக்காரர் இரவிரவாக வரிசைகளுக்கிடையே மெழுகுதிரிகளைக் கொளுத்தி வைத்தும் பெரும்பகுதி அரும்புகளைக் காக்க இயலவில்லை. எஞ்சியவற்றின்மேல் மழையும் மந்தாரமுமாகக் கோடை கழிந்தது. அவ்வாண்டுப் பேர்கண்டி விளைச்சல் மிகச் சிறியது.

மகனுக்கு இது நூலறிவன்று. அந்த ஆண்டு செப்ரெம்பரில் உணவகத்தில் வேலை குறைந்திருந்தபோது, கூலிக்குப் பழம் பறிக்கப் போனவர்களுள் அவரும் ஒருவர். பதினொரு நாள் இடுப்பு வளைந்தபடி வரிசைகளுக்கிடையே நகர்ந்தார். முதல்நாள் காலை, தோட்டத்துச் சொந்தக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்து அன்றைய திகதியைக் குறித்துக்கொண்டதை அவர் கண்டார். தகப்பனும் பாட்டனும் எழுதிய கொப்பிகளும் வீட்டில் இருப்பதாக அம்மனிதர் சொன்னாராம். அந்தச் சிறிய செயல் மகனின் நெஞ்சில் ஏனோ முள்ளாகத் தைத்தது.

பேர்கண்டியிலே போன் என்றொரு பட்டினம் உண்டு. அங்கே கொடிமுந்திரிகை அறுவடை தொடங்கிய நாட்கள் 1354ஆம் ஆண்டிலிருந்து ஆவணங்களிற் கிடக்கின்றன. ஆராய்ச்சியாளர் அவற்றையெல்லாம் திரட்டி 2018 வரையுள்ள ஒரே கோவையாக்கி 2019இல் வெளியிட்டனர். 1987 வரையும் சராசரியாகச் செப்ரெம்பர் 28ஆம் திகதியளவில் தொடங்கிய அறுவடை, 1988இன் பின்னர் அதற்குப் பதின்மூன்று நாள் முன்பாகவே தொடங்கி வருகிறது என்பது அதனாற் புலனாயிற்று. பூமி வெப்பமடைகிறது என்பதற்கு அறுநூற்று அறுபது ஆண்டுக் குடியானவர் கணக்கே சாட்சியாகிவிட்டது. போனில் அறுவடைநாளைக் குறித்தவர்கள் எவரும் காலநிலை ஆராய்ச்சிக்காக எழுதியவரல்லர். விளைச்சல் மதிப்புடையதென்று ஊர் கருதியது. ஆகவே நாளைக் குறித்தது.

பனங்கள்ளுக்கும் பருவம் உண்டு. அது கொடிமுந்திரிகையின் பருவத்திற்குக் குறைந்ததன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பெய்து, ஆறில்லாத இத்தீவுகளின் சுண்ணக்கல்லினூடே ஊறி இறங்குகிறது. (பேர்கண்டியின் புகழ்பெற்ற சரிவுகளும் சுண்ணக்கற் பூமியே. அது யுராசிக் காலத்தது. இது மயோசீன் காலத்தது. வைன் எழுத்தாளர் அந்தக் கல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். இந்தக் கல்லைப் பற்றிச் சீமெந்துக்காரரே மிகுதியாக விசாரித்துள்ளனர்.) மார்கழி வாடை அடங்கத் தையிற் பாளைகள் தலைகாட்டும். முந்துவது ஆண்பனை, பெண்பனை பின்வரும். காவோலையையும் பன்னாடையையும் களைந்து வட்டைத் துப்புரவாக்கியபின், ஆண்பாளையை இரு கோல்களுக்கிடையே வைத்து நாட்கணக்காக இடுக்குவர். பெண்பாளையைத் தட்டுப்பொல்லால் மெல்லத் தட்டுவர். பின்னர் நுனியைச் சீவி முட்டி கட்டுவர். காலையும் மாலையும் ஏறி மெல்லிய ஒரு சீவல் சீவவேண்டும். ஒருநாள் தவறினாலும் வாய் அடைத்துப் பாளை வற்றிவிடும். காய்ச்சலென்றும் கலியாணமென்றும் பனை பார்ப்பதில்லை. ஆடியிற் சோளகம் உரத்து மரம் ஆடத் தொடங்கும்வரை இந்தக் கட்டு அவிழாது.

முட்டியிற் சொட்டும்போது அது கள்ளன்று, தேன்போன்ற பதநீர். நூற்றுக்குப் பத்து முதற் பதின்மூன்று பங்குவரை வெல்லம் அதிலுண்டு. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காமற் கருப்பணியாக இறங்கும், காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால், முட்டியின் பழைய மண்டியிலும் காற்றிலும் உள்ள மதுவங்கள் சொட்டு விழுந்த கணத்திலேயே நொதிப்பைத் தொடங்கிவிடும். வைனுக்குப் பழத்தைப் பறித்து, நசித்து, தாழியிலிட்டுக் காத்திருக்கிறார்கள். கள்ளோ மரத்தின் உச்சியிலேயே பாதி ஆகிவிடுகிறது; பனையே தோட்டமும் ஆலையும். சில மணி நேரத்தில் அற்ககோல் நூற்றுக்கு ஐந்தை அண்டும். அடுத்த நாள் வினாகிரியின் நெடி தட்டும்.

குளிர்நாட்டு வைனையும் தீவகத்துக் கள்ளையும் அருகருகே வைத்து எண்ணத் தூண்டும் செய்தி ஒன்று இங்குண்டு. தீவுகளுக்கும் ஒரு குளிர்காலம் இருக்கிறது. ஐரோப்பியர் நகைக்கக்கூடிய குளிர்தான். எனினும் தை மாசியில் இரவு வெப்பநிலை 22 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கும். சித்திரை வைகாசியில் அதே இரவு 27 பாகையை அண்டி நிற்கும். நொதிப்பின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. ஆகவே மாசி மாதத்து விடியற்காலையில் இறக்கிய கள்ளில் இனிப்பு இன்னும் எஞ்சியிருக்கும். புளிப்பு மெல்ல எட்டிப்பார்க்கும். சித்திரை மாதத்து மாலைக் கள்ளில் இனிப்பு எரிந்து போயிருக்கும். மரம் அதுவே, முட்டி அதுவே, கையும் அதுவே. மாறியது இரவின் குளிர் மட்டும்.

இதனைப் பெரியவர் தம் சொற்களில் நெடுங்காலமாகச் சொல்லிவந்தவர். "வாடை விட்டுச் சோளகம் எழும்ப முந்தின கள்ளுத்தான் கள்ளு. மிச்சம் வயித்துப்பாட்டுக்கு" என்பார். அவ்விடைக்காலத்தை ஆண்டுதோறும் தம் உடம்பில் உணர்ந்தவர். ஆனால் அவர் அதனை எங்கும் எழுதியதில்லை. எழுதும்படி அவரை எவரும் கேட்டதுமில்லை. கள்ளைப் பற்றி அரசாங்கங்கள் நிறைய எழுதியிருக்கின்றன. குத்தகை எவ்வளவு, வரி எவ்வளவு, தவறணை எத்தனை என்பன அந்த ஏடுகளில் இருக்கும். பாளை எப்போது முந்தியது, எந்த ஆண்டுக் கள் இனித்தது என்பன அவற்றில் இரா.

காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பழந்தமிழ்ப் புலவருக்குக் கள் இழிபொருளன்று. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ்வதை நக்கீரர் பாடுகிறார். பனம்பூவாகிய போந்தை சேரமன்னருக்கு அடையாளமாலை. பிற்காலத்திலோ கள் இழிந்தது. அதனைவிடக் கள்ளிறக்குபவன் இழிந்தான். யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு இதிற் காட்டிய விசித்திரம் நினைத்து நாணத்தக்கது. எந்தக் கையாற் கிணற்றில் வாளியைத் தொட்டால் தண்ணீர் தீட்டாகுமோ, அந்தக் கையால் இறக்கிய கள்ளைப் பிளாவில் ஏந்திக் குடிக்கத் தீட்டு இருந்ததில்லை. 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1966இலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் தேநீர்க்கடை வாசல்களிலும் கோயில் வாசல்களிலும் போராட்டங்கள் நிகழ்ந்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. சட்டமும் போராட்டமும் நாவலும் வந்தபின்னரும், முட்டியைச் சுமந்துகொண்டு தகப்பனுக்குப் பின்னே சென்ற பையன் வீட்டுக்கார அம்மா கூப்பிடும்வரை படலைக்கு வெளியேதான் நின்றான். அந்தப் பையனே இன்று பாரிசிலிருந்து போத்தலோடு வந்தவர்.

அவரைத் தகப்பன் மரத்தில் ஏறவிடவில்லை. பத்து வயதில் ஒருநாள், தகப்பன் இல்லாத வேளை, தளைநாரைக் காலிற் கொளுவிக்கொண்டு பையன் ஆளுயரம் ஏறிவிட்டான். பின்னேரம் அதைக் கேள்விப்பட்டதும் பெரியவர் பனைமட்டையால் அடித்தார். வாழ்நாளில் அடித்தது அந்த ஒருமுறைதான். "இந்த நார் என்ரை காலோடை முடியவேணும்" என்றார். அடிபட்டவனுக்கு நோவு மட்டும் நினைவிருந்தது. சொன்னதன் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. தகப்பனின் மார்பிலே மரம் உராய்ந்து தடித்த கறுப்புத் தோலையும், மழை நனைந்த மரத்தில் வழுக்கி விழுந்து இறந்த சிறிய தகப்பனையும், படலைக்கு வெளியே நின்ற நேரங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலன்றி அது விளங்காது.

தொழிலைக் கைவிடச் செய்தமைக்காக அப்பெரியவரை எவரும் குறைகூற முடியாது. தொழிலோடு ஒட்டியிருந்த அவமானத்தைத் துண்டிக்க அவருக்கு வேறு கத்தி கிடைக்கவில்லை. அத்துண்டிப்பில் அறிவும் சேர்ந்து அறுந்தது என்பதே துயரம். பண்பாட்டின் பெயரால் "பனைத் தொழிலைக் காப்போம்" என மேடையிற் பேசுவோர், தம் பிள்ளைகளை மரத்தடிக்கும் அனுப்பமாட்டார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இடையிற் போர் வந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் இத்தீவின் குடிகளிற் பெரும்பாலார் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். பெரியவரின் குடும்பமும் அவ்வாறு போயிற்று. மகன் அங்கிருந்து கொழும்பு சென்று, பின்னர் பிரான்சு சென்றார். 1990களின் பிற்பகுதியில் பெரியவர் மனைவியோடு திரும்பியபோது, மரங்கள் பலவற்றுக்குத் தலை இல்லை. பல காப்பரண்களுக்குத் தறிக்கப்பட்டிருந்தன. நடந்து திரிந்த ஒழுங்கையை வடலி மூடியிருந்தது. எஞ்சிய மரங்கள் சீவப்படாமல் நின்ற ஆண்டுகளில் நுங்கும் பழமுமாகக் காய்த்துக் கொட்டியிருந்தன. "மரம் எங்களைத் தேடேல்லை" என்று அவர் பிற்காலத்தில் ஒருமுறை சொன்னார்.

கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970களின் தொடக்கத்திலே தவறணைக் குத்தகைக்காரரின் பிடி தளர்ந்து சீவற்றொழிலாளரின் சங்கங்கள் உருவாகின. பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. கள் போத்தலில் அடைக்கப்பட்டது. வடமராட்சியிலே திக்கத்தில் வடிசாலை எழுந்தது. தொழிலாளிக்கு நிலையான விலை என்பது சிறிய நன்மையன்று. ஆனால் போத்தற் கள்ளைச் சூடாக்கியே வைக்கவேண்டும். லூயி பாஸ்ரர் 1866இல் வைனைப் பற்றி எழுதிய நூலில் விளக்கிய முறைதான் அது. நொதிப்பு நிற்கும், கள் கெடாது, விடியற்காலை அதிலிருந்து போய்விடும். மாசிக் கள்ளும் ஆனிக் கள்ளும் ஒரே தாழியிற் கலந்து ஒரே சுவையாகும். (தமிழ்நாட்டில் 1987 முதற் கள்ளிறக்கவே தடை. அதனோடு ஒப்பிட்டால் யாழ்ப்பாணத்துப் பனை கொடுத்துவைத்தது.)

மீண்டும் தலைவாசலுக்கு வருவோம். போத்தலைத் திறக்கும் கருவியைக் கொண்டுவர மகன் மறந்துவிட்டார். ஊரில் எங்கும் அது கிடையாது. பெரியவர் சற்று நேரம் தக்கையைப் பார்த்தார். பின்னர் இயனக்கூட்டிலிருந்து பாளைக்கத்தியை எடுத்து மெழுகு மூடியைச் சுற்றிச் சீவினார். அப்படியொரு சுத்தமான சீவலைப் பாரிசின் உணவகங்களிலும் மகன் கண்டதில்லை. தட்டுப்பொல்லின் முனையைத் தக்கையில் வைத்து உள்ளே தள்ளினார். பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். குவளை வேண்டாமென்று பெரியவர் சொல்லிவிட்டார். குருத்தோலையிற் கோலிய பிளாவில் அந்தச் சிவப்பு ஊற்றப்பட்டது. கடுஞ்சிவப்பன்று, நாவற்பழச் சாற்றில் தண்ணீர் கலந்தாற்போல ஒளி ஊடுருவும் நிறம்.

முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து நாக்கிலே வைத்திருந்து விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"புளிப்பு நிக்குது. ஆனால் காடிப் புளிப்பில்லை, காய்ப் புளிப்பு. வெயில் காணாத வருசமோ, மோனை?"

மகன் வாயடைத்து நின்றார். குளிர்ந்த ஆண்டின் பழத்திலே மலிக்கமிலம் மிகுதியாக எஞ்சுகிறது என்பதும், வெப்ப ஆண்டில் அது பழத்துக்குள்ளேயே எரிந்து குறைகிறது என்பதும் இரசாயனம். அந்த இரசாயனம் பெரியவருக்குத் தெரியாது. கொடிமுந்திரிகைத் தோட்டத்தை அவர் கண்டதுமில்லை. குடாநாட்டிற் செம்மண் பகுதியில் கொடிமுந்திரிகை விளைவதையும், தோலகட்டி ஆச்சிரமத்தார் அதிலிருந்து வைன் செய்ததையும் கேள்விப்பட்டிருப்பாரேயன்றிச் சுவைத்தவரல்லர். அவருக்குத் தெரிந்தது ஒன்றே. சுவைக்குள் வெயில் இருக்கும், மழை இருக்கும், இரவின் குளிர் இருக்கும், தேடினால் அகப்படும்.

அதன்பின் பெரியவர் பேசத் தொடங்கினார். மகனுக்கு அவர் இதுவரை சொல்லாதவை அவை. 1964 மார்கழிப் புயலில் வட்டு முறுக்கிய பனைகள் அடுத்த பருவத்திற் பாளை விட்டும் சொட்டவில்லை. அவர் ஏறத் தொடங்கிய முதலாண்டு அதுவாம். மரம் ஏறிப் பட்டினி கிடந்த ஆண்டு. ஒருமுறை மழை பொய்த்து, முட்டியில் அரைவாசியும் சேரவில்லை, சேர்ந்ததோ தேன், பனங்கட்டிக்குப் பாதி விறகே போதியதாக மனைவி சொன்னாள். 2008 கார்த்திகையில் நிஷா புயலின் வெள்ளம் நாட்கணக்காய் நின்றது. அடுத்த பருவம் முட்டி வழிந்தது, கள் தண்ணீராய் ஓடியது. "நிறையத் தந்தால் நல்லாத் தாறதில்லை; அது மரத்துக்கும் மனுசருக்கும் ஒண்டுதான்" என்றார். மகள் பிறந்த ஆண்டை அவர் திகதியால் நினைவுகூரவில்லை. பெண்பனை முந்திப் பாளை விட்ட ஆண்டென்று நினைவுகூர்ந்தார்.

மகன் கேட்டார்: "ஐயா, எனக்குச் சொல்லித்தாங்கோவன்."

"ஏறவோ? உனக்கு அம்பதாகுது. மரம் சிரிக்கும்."

சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "எழுதப் படிப்பிச்சு விட்டனான்தானே. எழுது."

பேத்தியின் பாடசாலைப் பையிற் கட்டமிட்ட புதுக் கொப்பி ஒன்று இருந்தது. அதை அவள் மனமில்லாமற் கொடுத்தாள். முதற் பக்கத்தில் மகன் எழுதியது: தைப்பூசத்தன்று முதற் சீவல், ஆண்பனை மூன்று, பெண்பனை இல்லை, வாடை இன்னும் இருக்கிறது. அறுபது ஆண்டு ஏறியவர் அவ்வாண்டு நான்கு மரத்துக்குக் குறைத்திருந்தார். நான்காவது பெண்பனை.

எழுதுவது எளிதாயிருக்கவில்லை. எத்தனை நாள் இடுக்குவது, எந்த நேரம் சீவுவது என்பவற்றைப் பெரியவர் தடையின்றிச் சொன்னார். பாளையை எவ்வளவு உரமாகத் தட்டுவது என்று கேட்டபோது நின்றுவிட்டார். "நோகவும் வேணும், நோகவும் கூடாது" என்றார். மகன் அதை அப்படியே எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தி யோசித்தார். பின்னர் பெரியவர் மகனுடைய முன்னங்கையைப் பிடித்துத் தட்டுப்பொல்லால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மெல்லத் தட்டிக் காட்டினார். ஒரே சீராக, விரைந்து, எலும்புக்கு எட்டாமல் தசைக்கு எட்டும்படி. தோல் சூடேறியது, நோவில்லை. கொப்பியில் அதற்கு இடமிருக்கவில்லை.

இன்னொன்றும் மகன் எண்ணினார். பேர்கண்டிப் போத்தலின் லேபலில் ஆண்டு இருந்தது, ஊர் இருந்தது, தோட்டத்துச் சொந்தக்காரரின் பெயரும் இருந்தது. பதினொரு நாள் முதுகு வளைந்தவர்களின் பெயர் அங்கும் இல்லை. அவரோடு பழம் பறித்தவர்களில் போலந்துக்காரர் இருந்தனர், மொரோக்கோக்காரர் இருந்தனர், வேலணைக்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதிவைத்தான், நாம் எழுதவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. போனில் 1354 முதல் எழுதப்பட்டது அறுவடை நாள், அறுத்தவர் கதையன்று.

விடுமுறை முடிந்தது. புறப்படும் நாளன்று விடியற்காலையில், பேத்திக்காக ஒரு முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிக் கட்டியிருந்தார் பெரியவர். கருப்பணியைக் குடித்த பிள்ளை, "இது ஜூஸா, அப்பப்பா?" என்று கேட்டாள். "இது மரத்தின்ரை பால்" என்றார். மகன் மற்ற முட்டியிலிருந்து அரைப் பிளா குடித்தார். மாசிக் குளிரில் இறங்கிய கள். இனிப்பு முன்னும் புளிப்புப் பின்னுமாக வந்தது. பேர்கண்டியிற் சொந்தக்காரர் தாழியிலிருந்து கூலிக்காரருக்கு ஆளுக்கொரு வாய் ஊற்றித் தந்த புது வைன் நினைவில் எழுந்தது. அதை அவர் தகப்பனுக்குச் சொல்லவில்லை. கட்டுநாயக்காவுக்குப் போகும் வாகனம் படலையில் நின்றது.

கொப்பி இப்போது பாரிசின் புறநகரில், அடுப்படி மேசை இழுப்பறையில் இருக்கிறது. பெரியவர் அயல்வீட்டுப் பிள்ளையின் தொலைபேசியில் வட்சப்பிற் பேசுவார். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "எழுது" என்பார். மாசி 20: வாடை முற்றாய் விட்டது. மாசி 27: பெண்பனையில் முதற் சொட்டு. பங்குனி 6: பின்னேரக் கள் கடுக்கிறது. பங்குனி 9: கிழக்கு மரத்தில் அணில் பாளையைக் கடித்துவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திற் பேத்தி பிரெஞ்சுத் திகதியை எழுதிவைத்தாள்.

பங்குனி 14 அன்று அழைப்பு வழமையைவிடப் பிந்தி வந்தது. பின்னாற் கோழிகளின் சத்தம் கேட்டது. பெரியவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இண்டைக்கு ஏறேல்லை, மோனை."

காரணம் சொல்லப்படவில்லை, கேட்கப்படவுமில்லை. மகன் கொப்பியைத் திறந்து, திகதியை இட்டு, அதனையும் எழுதினார்.